காற்றைக் கேட்காத சட்டம்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரி, திருமலகிரியைத் தாண்டி ஆல்வாலை எட்டும் முன் லோத்குண்டாவைக் கடக்கிறது. கன்டோன்மென்ட் நிலமும் காலனி வீடுகளும் பின்னிக் கிடக்கும் பகுதி இது. மதராஸ் படைப்பிரிவுகளோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் உண்டு. தென்மேற்கே பேகம்பேட்டையின் பழைய விமான நிலையம், வடக்கே ஹக்கிம்பேட்டை விமானப்படைத் தளம். இரண்டும் பத்து கிலோமீட்டருக்குள். பொலாரத்தில் ராஷ்டிரபதி நிலையம் இருக்கிறது. 1860இல் பிரிட்டிஷ் ரெசிடென்டுக்காகக் கட்டிய அந்த மாளிகையில்தான் குடியரசுத் தலைவர் தெற்கே வந்தால் தங்குகிறார். இப்படிப்பட்ட ஊரில் மொட்டை மாடியில் நின்று ட்ரோன் ஏற்ற நினைப்பவர் இரண்டு விஷயங்களைப் பார்த்தாக வேண்டும்: அங்கே பறக்க அனுமதி உண்டா, பறக்கும் அளவுக்கு வானம் அமைதியாக இருக்கிறதா. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் முதலாவதை மட்டுமே கட்டாயமாக்குகின்றன. பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையத் தளத்தைத் திறந்து, அந்த இடத்துக்குத் தடையோ அறிவிப்போ இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காற்றைப் பற்றி அவ்விதிகள் வாய் திறப்பதில்லை. இந்த மௌனத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. இந்தியாவில் வானத்தைப் பற்றிய சட்டம் காவல் கண்ணோடு பிறந்தது. வானத்தைப் பற்றிய அறிவு துறைமுகத்திலும் பஞ்சத்திலும் பிறந்தது. விமானத் தபால் காலத்தில், ஒரு பாலைவனக் கடற்கரையில், இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. ட்ரோன் வந்தபின் மறுபடி பிரிந்துவிட்டன என்பதுதான் என் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மதராஸில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் 1910இல் தாமே முன்னின்று செய்வித்த விமானத்தை ஏற்றிக் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் அலகாபாத்திலும் விமானம் பறந்தது. 1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, அலகாபாத் பொருட்காட்சி மைதானத்திலிருந்து சுமார் 6,500 கடிதங்களை யமுனைக்கு மேலாக நைனிக்குக் கொண்டுபோனார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்திய வான்கலச் சட்டம் வந்துவிட்டது: 1911ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம். நாடு முழுவதும் பறந்த எந்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், சட்டம் தயார். அது கட்டுப்படுத்த விரும்பியவை என்னென்ன? தயாரிப்பு, கைவசம் வைத்திருத்தல், பயன்பாடு, விற்பனை, இறக்குமதி, ஏற்றுமதி. துப்பாக்கியையும் வெடிமருந்தையும் பற்றிப் பேசும் சட்டங்களின் மொழி இது. விபத்தைக் கண்டு பயந்த அரசு, எந்திரம் சரியாக இருக்கிறதா, ஓட்டுபவருக்குத் தெரியுமா என்று முதலில் கேட்டிருக்கும். 1857ஐ மறக்காத அரசு, இது யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்டது. அந்த வரிசை நம் வான் சட்டத்தின் எலும்பில் தங்கிவிட்டது.

வானிலை அறிவு வேறு வழியில் வளர்ந்தது. 1864இல் கல்கத்தாவைப் புயல் புரட்டிப் போட்டது. 1866லும் 1871லும் பருவமழை பொய்த்தது. இந்த அடிகளுக்குப் பிறகு 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாயிற்று. ஹென்றி பிளான்ஃபோர்ட் அதன் முதல் தலைவர். கப்பலுக்குப் புயல் எச்சரிக்கை, வருவாய்த் துறைக்கு மழைக் கணிப்பு என்று இரண்டு வேலை அதற்கு. இரண்டுமே தரையில் நிற்பவர்களுக்கானவை. தலைக்கு மேல் ஐந்நூறு அடியில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கேட்க ஆள் இல்லை. மேல்வானத்தை ஆராய ஆக்ராவில் நிலையம் அமைந்தது 1914இல்தான். சிறு பலூனை விட்டு, அது நகர்வதைத் தொலைநோக்கியால் தொடர்ந்து, உயரத்துக்கு உயரம் காற்றைக் கணக்கிடும் வேலையை ஜே.ஹெச். ஃபீல்ட் முன்னின்று நடத்தினார். ஆக, வான்கலச் சட்டம் பிறந்து மூன்று ஆண்டுகள் கழித்தே அந்தக் கலம் மிதக்கும் காற்றை ஒழுங்காக அளக்கும் நிலையம் வந்தது. அதுவும் பருவமழையைப் புரிந்துகொள்ளும் ஆர்வத்தில் தொடங்கியதே தவிர விமானியை மனதில் வைத்து அல்ல.

இரண்டையும் சேர்த்து யோசிக்கச் சொன்னது 1919ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தில் முழு இறையாண்மை உண்டு என்று அதன் முதல் விதி சொன்னது. அதே உடன்படிக்கையின் இணைப்புகளில் ஒன்று வானிலைத் தகவலைத் திரட்டுவதையும் பரப்புவதையும் பற்றியது. வானம் யாருடையது, வானம் எப்படி இருக்கிறது என்ற இரு கேள்விகளும் ஒரே காகிதத்தில் ஏறின. அந்தக் காகிதம் நடைமுறையில் சோதிக்கப்பட்ட இடம் கராச்சிக்கு மேற்கே தொடங்கும் வறண்ட கரை. 1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி தபால் சேவையைத் தொடங்கியது. பாஸ்ராவுக்குப் பிறகு பாரசீகக் கரையோரமாக புஷெர், லிங்கே, ஜாஸ்க், பிறகு குவாடர் என்று வழி. அதே ஆண்டு செப்டம்பரில் 'சிட்டி ஆஃப் ஜெருசலேம்' என்ற விமானம் ஜாஸ்கில் இருட்டில் இறங்கும்போது நொறுங்கி மூவர் இறந்தனர். கரையில் விளக்கு குறைவு, அடையாளம் குறைவு. கோடையில் வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று மணலைக் கிளப்பினால் கடலும் நிலமும் ஒரே நிறமாகிவிடும்.

அனுமதியும் காற்றைப் போலவே மாறக்கூடியது என்று கற்றுக்கொடுத்தது பாரசீகம். தன் கரையின் மேல் பறக்கக் கொடுத்த உரிமையை அது குறுகிய காலத்துக்கு மட்டுமே நீட்டித்தது, பிறகு முடித்துக்கொண்டது. 1932இல் இம்பீரியல் ஏர்வேஸ் வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறியது. அந்த ஆண்டு ஷார்ஜாவின் ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமியோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, அக்டோபரில் முதல் விமானம் இறங்கியது. வாடகையும் இறங்கும் கட்டணமும் இந்திய ரூபாயில். வளைகுடாவின் செலாவணி அப்போது அதுதான். பயணிகள் இரவு தங்கக் கட்டிய விடுதி கோட்டையைப் போல இருந்தது, ஷேக்கின் ஆட்கள் காவல் நின்றார்கள். இன்று அது அல் மஹத்தா அருங்காட்சியகம். ஓடுதளம் சப்கா எனப்படும் உப்பு நிலம். காய்ந்தால் கல்லாய் இறுகும், மழை விழுந்தால் சேறாய்க் குழையும். ஆகவே ஷார்ஜாவுக்குப் புறப்படும் விமானிக்கு, ஷேக்கின் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்பதும் நேற்று அங்கே மழை பெய்ததா என்பதும் சம எடையுள்ள கேள்விகள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் இறங்க முடியாது. பாலைவனக் கரையில் பறப்பதற்கு முன் வானிலையையும் விதியையும் பார்ப்பது என்ற வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

கராச்சி இன்னொரு பாடத்தையும் வைத்திருந்தது. ஆர்101 என்ற பிரிட்டிஷ் வான்கப்பலுக்காக அங்கே பிரம்மாண்டமான கொட்டகையும் கட்டுக்கம்பமும் எழுந்தன. 1930 அக்டோபர் 4 மாலை அது இங்கிலாந்தின் கார்டிங்டனிலிருந்து கராச்சிக்குக் கிளம்பியது. மறுநாள் அதிகாலை பிரான்சில் போவே நகரருகே தரையில் மோதி எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டார்கள். விமானத் துறை அமைச்சர் தாம்சன் பிரபு அதில் இருந்தார். வான்கப்பல்களுக்கான வானிலைப் பிரிவின் தலைவர் கிப்லெட்டும் இருந்தார். தகுதிச் சான்றிதழ் புறப்பாட்டுக்குச் சற்று முன்தான் வந்தது. முழு வேகச் சோதனை முடிந்திருக்கவில்லை. அமைச்சர் இந்தியா போய்வந்து லண்டனில் நடக்கும் பேரரசு மாநாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்ற அவசரம் எல்லாவற்றையும் தள்ளியது. கிளம்பியபோது கிடைத்த முன்னறிவிப்பைவிட வழியில் வந்த முன்னறிவிப்பு மோசமாக இருந்தது. சான்றிதழ் இருந்தது, வானிலை நிபுணர் கப்பலுக்குள்ளேயே இருந்தார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்து 'இன்று வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய கணம்தான் இல்லாமல் போயிற்று. கராச்சிக் கொட்டகைக்கு அந்த வான்கப்பல் வரவே இல்லை; கொட்டகை பிற்காலத்தில் இடிக்கப்பட்டது.

அந்தக் கணத்தை அன்றாட வேலையாக மாற்றியது தபால். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து புஸ் மோத் விமானத்தில் அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவுக்குத் தபால் கொண்டுவந்தார். அகமதாபாத்தில் பெட்ரோல் தகர டின்களில் மாட்டு வண்டியில் வந்தது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குப் பறந்தார். சில ஆண்டுகளில் பெல்லாரியின் இடத்தை ஹைதராபாத் பிடித்தது. அப்படித்தான் மேற்கே வறண்ட கடற்கரையில் உருவான பழக்கம் தக்காணத்துக்கு வந்து சேர்ந்தது. ஜுஹு தளம் மழைக்காலத்தில் நீரில் மூழ்கும். அந்த மாதங்களில் சேவை பூனாவுக்கு மாறும். ஹைதராபாத்தின் நிஜாம் அரசு தன் ரயில்வே நிர்வாகத்தின் கீழேயே பேருந்தையும் விமானத்தையும் வைத்திருந்தது. 1945இல் டாட்டாவைக் கூட்டாளியாக்கி டெக்கான் ஏர்வேஸைத் தொடங்கியது. விமான நிலையம் இருக்கும் இடத்தில் வானிலை அலுவலகமும் இருக்க வேண்டும் என்பது அதற்குள் வழக்கமாகிவிட்டது. பேகம்பேட்டையில் பயணிகள் விமானம் 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்துக்குப் போய்விட்டாலும் வானிலை மையம் பேகம்பேட்டையில்தான் இருக்கிறது. 1944இன் சிகாகோ உடன்படிக்கையிலிருந்து கிளைத்த சர்வதேச விதிகள் இந்தப் பழக்கத்தை ஒரு வாக்கியத்தில் அடக்கின: புறப்படும் முன் விமானி கிடைக்கும் வானிலை அறிக்கைகளையும் முன்னறிவிப்புகளையும் கவனமாகப் படித்திருக்க வேண்டும். எத்தனை நாட் காற்று வரை பறக்கலாம் என்று அது எல்லாருக்கும் பொதுவாக ஓர் எண்ணை விதிக்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கடமையாக்கியது.

ஆனால் நாட்டுக்குள்ளே இருந்த சட்டத்தின் பழைய எலும்பு மாறவில்லை. 1934இன் இந்திய விமானச் சட்டம் 1911இன் அதே பட்டியலோடுதான் தொடங்கியது: தயாரிப்பு, கைவசம், பயன்பாடு, விற்பனை, இறக்குமதி, ஏற்றுமதி. 'விமானம்' என்பதற்கு அது தந்த விளக்கத்துக்குள் பலூன், வான்கப்பல், கிளைடரோடு பட்டமும் அடங்கியது. சங்கராந்திக்கு லோத்குண்டாவின் மாடிகளில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் தொண்ணூறு ஆண்டுகளாகச் சட்டப்படி விமானம் ஏற்றியவர்தான். 1937இன் விமான விதிகளில் 13ஆவது விதி, அனுமதியின்றி விமானத்திலிருந்தோ விமான நிலையத்திலோ படம் எடுக்கக் கூடாது என்றது. இந்தச் சந்தேகத்தை வெறும் மனப்பிராந்தி என்று தள்ளிவிட முடியாது, அதற்கு ஹைதராபாத்தே சாட்சி. 1948இல் நிஜாமின் ஹைதராபாத் மீது இந்தியா பொருளாதார முற்றுகை போட்டிருந்தபோது, சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் கராச்சியிலிருந்து லங்காஸ்ட்ரியன் விமானங்களில் இரவோடிரவாக நிஜாமுக்கு ஆயுதம் கொண்டுவந்தார். இந்திய வானத்தைக் கேட்காமல் கடந்தார். இதே காட்டன் இரண்டாம் உலகப் போருக்குச் சற்றுமுன் பயணி விமானத்தில் காமிராவை ஒளித்துவைத்து ஜெர்மானிய நிலைகளைப் படமெடுத்தவர். பிரிட்டனில் அவருக்கு 200 பவுன் அபராதம் விழுந்தது. வானத்தில் இருப்பவன் எதைக் கொண்டுவருகிறான், எதைப் பார்க்கிறான் என்ற இரண்டு அச்சங்களும் ஒரே மனிதரில் கூடி நின்ற கதை அது. செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்து ஐந்து நாட்களில் முடித்தது. பொலாரம் மாளிகையும் பேகம்பேட்டையும் ஹக்கிம்பேட்டையும் இந்திய அரசின் கைக்கு வந்தன. இன்று ட்ரோன் வரைபடத்தில் லோத்குண்டாவைச் சுற்றி நிற்கும் வண்ணங்களுக்கு அடிப்படை அன்றே விழுந்துவிட்டது.

ட்ரோனுக்கு வருவோம். 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரே அறிவிப்பில் தனியார் ட்ரோன்களைத் தடை செய்தது. 2018 ஆகஸ்டில் முறையான விதிகளை வெளியிட்டு டிசம்பர் 1 முதல் அமல்படுத்தியது. அந்த 2018 விதிகளில் பலரும் கவனிக்காமல் கடந்த ஒரு பகுதி உண்டு. பகலில் மட்டும், ஐந்து கிலோமீட்டர் தெளிவாகத் தெரியும்போது மட்டும், மேகம் 1,500 அடிக்குக் கீழே இறங்காதபோது மட்டும், தரைக் காற்று 10 நாட்டுக்கு அல்லது தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்கு மேல் போகாதபோது மட்டும் பறக்கலாம். மழையோ இடியோ கூடாது. பழைய விமானிகளின் மேசை சட்டத்துக்குள் எட்டிப்பார்த்த சமயம் அது. மூன்றே ஆண்டுகள்தான். 2021 ஆகஸ்ட் 25இன் ட்ரோன் விதிகள் படிவங்களைக் குறைத்தன, கட்டணங்களைக் குறைத்தன, விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் வளையத்தை 45 கிலோமீட்டரிலிருந்து 12 ஆகச் சுருக்கின. செப்டம்பரில் பச்சை, மஞ்சள், சிவப்பு வரைபடம் வந்தது. பச்சையில் 400 அடி வரை அனுமதி வேண்டாம். நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடி வரை வேண்டாம். இரண்டு தளங்களின் வேலிகளுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் லோத்குண்டா பச்சையாக இருக்க வழியே இல்லை. இந்தத் தளர்த்தல் நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் தளர்த்தும் கை எதை விட்டது, எதை வைத்துக்கொண்டது என்று பாருங்கள். காற்று போனது, வரைபடம் நின்றது. 1911இன் கேள்வி தப்பிப் பிழைத்தது; தபால் காலம் சேர்த்துக்கொடுத்த கேள்வி உதிர்ந்தது.

இதன் விளைவை அறியப் பட்டத்தையும் ட்ரோனையும் பக்கத்தில் வைத்தால் போதும். ஜனவரியில் செகந்திராபாத் பரேட் மைதானத்தில் சர்வதேசப் பட்டத் திருவிழா நடக்கும், லோத்குண்டா மாடிகளில் உள்ளூர்த் திருவிழா நடக்கும். பட்டம் விடுகிறவனுக்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் தெரியாது. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்ததும் பலருக்குப் பொருட்டில்லை. 2024 ஜனவரியில் லங்கர் ஹவுஸில் பைக்கில் போன ராணுவ வீரர் ஒருவரின் கழுத்தை அந்த நூல் அறுத்துக் கொன்றது. ஆனால் பட்டம் விடுகிறவனுக்குக் காற்று தெரியும். விரலிடுக்கில் நூல் இழுக்கும் இழுப்பில் அது எங்கே திரும்புகிறது என்று தெரியும். காற்றில்லாமல் பட்டம் எழாது என்பதால் தெரியாமல் இருக்க முடியாது. ட்ரோன் நேர்மாறு. காற்று எப்படி இருந்தாலும் பொத்தானை அழுத்தினால் எழும், எழுந்து அசையாமல் நிற்கும், நிற்பதற்காக மோட்டார் என்ன பாடுபடுகிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. வினாடிக்கு 15 மீட்டர் போகும் ட்ரோனை வினாடிக்கு 10 மீட்டர் காற்று தள்ளும் திசையிலேயே ஒரு கிலோமீட்டர் அனுப்பினால், 40 வினாடியில் போய்ச் சேரும். திரும்பி வர 200 வினாடி ஆகும். ஐந்து மடங்கு. பேட்டரியில் பாதி தீரும்போது திரும்பலாம் என்று கணக்குப் போட்டவர் ட்ரோனை இழந்துவிட்டார் என்று பொருள். தரையில் வேப்பிலை இலேசாக அசையும் வேளையிலும் நூறு மீட்டர் உயரத்தில் காற்று அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கலாம். ஏப்ரல், மே மாத மாலைகளில் தெலங்கானாவின் இடிமழைக்கு முன்னோடியாக வரும் சூறைக்காற்று பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். விதி தெரியாமல் காற்றைத் தெரிந்தவன் ஒருவன், காற்றைத் தெரியாமல் விதியைப் பார்த்தவன் ஒருவன்; ஒரே மாடியில் இருவரும் நிற்கிறார்கள்.

2018இன் 10 நாட் வரம்பு நடைமுறைக்கு ஒவ்வாதது, அதை நீக்கியது சரிதான் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 10 நாட் என்றால் மணிக்கு சுமார் பதினெட்டரை கிலோமீட்டர். எந்தக் கடற்கரையிலும் பிற்பகல் கடற்காற்று அதைச் சாதாரணமாகத் தாண்டும். நமக்குள்ள பாலைவனக் கடற்கரையான திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் ஆடிக்காற்று அந்தச் செம்மணல் மேடுகளை இடம் மாற்றியே பழகியது. அம்மியே நகரும் என்று பேரெடுத்த காற்றுக்கு ட்ரோன் எம்மாத்திரம். அங்கே 10 நாட் வரம்பு வைத்தால் ஆண்டில் பல மாதங்கள் யாருமே பறக்க முடியாது; வைக்காவிட்டால் மணல் மோட்டாருக்குள் போகும், உப்பு மின்சுற்றைத் தின்னும். இந்த இக்கட்டுக்கு விடையைச் சிகாகோ வழிவந்த விதி எப்போதோ கண்டுபிடித்துவிட்டது: எண்ணைச் சட்டத்தில் எழுதாதே, பார்க்கும் கடமையை எழுது. நம் விதியாளர்கள் தவறான எண்ணை எடுத்தெறியும்போது கடமையையும் சேர்த்து எறிந்தார்கள்.

பாதுகாப்பைப் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன்கள் குண்டு போட்டன. 2022 ஜனவரி 17 அன்று அபுதாபியில் நடந்த தாக்குதலில் இரண்டு இந்தியர்கள் உட்பட மூவர் இறந்தார்கள். சில நாட்களில் ஐக்கிய அரபு அமீரகம் பொழுதுபோக்கு ட்ரோன்களை மொத்தமாக நிறுத்தியது. ஷார்ஜாவில் வேலை செய்யும் தமிழர் பொழுதுபோக்குக்காக வாங்கிய ட்ரோன் ஒரே இரவில் குற்றப்பொருள் ஆயிற்று. இப்படிப்பட்ட காலத்தில் சிவப்பு வட்டத்துக்கு முதலிடம் கொடுப்பதில் என்ன பிழை? பிழையே இல்லை. ஹக்கிம்பேட்டையில் ஹெலிகாப்டர் பயிற்சி விமானிகள் தாழப் பறக்கிறார்கள். அந்த வட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். நான் கேட்பது, வட்டத்தைக் காற்று மதிக்கிறதா என்பது. அனுமதியுள்ள இடத்தில் ஏற்றிய ட்ரோன் காற்றில் இழுபட்டு அனுமதியில்லாத வானத்துக்குப் போனால், ஓட்டியவர் சட்டத்தையும் மீறியவராகிறார், பயிற்சி விமானிக்கும் ஆபத்தாகிறார். பாதுகாப்பே முக்கியம் என்று சொல்பவர்கள்தான் காற்றைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும்.

விமானத்தில் ஆட்கள் இருந்தார்கள், ட்ரோனில் யாரும் இல்லை. போனால் போகிறது என்றும் ஒரு வாதம் உண்டு. வளைகுடாவின் ஆளற்ற உப்பு நிலத்தில் அது பொருந்தலாம். லோத்குண்டா சந்தையில் ட்ரோனின் உள்ளே யாரும் இல்லை என்பது ஆறுதலாகாது, கீழே நூறு பேர் இருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் வானிலை சொல்லித்தரப்படுகிறதே என்பது அடுத்தது. உண்மைதான், பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கவிடும் 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனுக்கும் சான்றிதழே வேண்டாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. காற்றுக்கு மிக எளிதாக அடிபடும் எடையில் இருப்பவை அவையே. பாடம் கேட்டவர் கையில் கனமான எந்திரமும், கேட்காதவர் கையில் இலேசானதுமாக நிற்கிறது நிலைமை. செல்போனில் எல்லாருக்கும் வானிலை கிடைக்கிறதே என்றால், அதில் வருவது மாவட்டத்துக்கோ நகரத்துக்கோ ஆன பொது முன்னறிவிப்பு. அதில் காற்று வேகம் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்கானது. ட்ரோன் பறப்பது அதற்கு மிக மேலே.

அரசுக்கு இது தெரியாததில்லை. 2021 ஏப்ரலில் தெலங்கானாவுக்குச் சிறப்பு விதிவிலக்கு கொடுத்து, செப்டம்பரில் விகாராபாத்தில் ட்ரோன் மூலம் மருந்து அனுப்பும் சோதனையைத் தொடங்கியபோது, பார்வைக்கு அப்பால் போகும் எந்திரத்துக்கு என்னென்ன தேவை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2025 ஜனவரி முதல் 1934இன் சட்டம் போய்ப் பாரதிய வாயுயான் சட்டம் அமலில் இருக்கிறது. ட்ரோனுக்கென்றே ஒரு தனிச் சட்ட முன்வரைவும் 2025 செப்டம்பரில் கருத்துக்காக வெளியானது. அதைச் சுற்றி எழுந்த விவாதம் பறிமுதல், தண்டனை, காப்பீடு என்றே ஓடியது. நூறாண்டுப் பழைய பட்டியலின் பேரப்பிள்ளைகள் அவை. பேகம்பேட்டையிலும் ஹக்கிம்பேட்டையிலும் விமானிகளுக்காகக் காற்றின் திசையும் வேகமும் ஏற்கெனவே அளக்கப்படுகின்றன. லோத்குண்டாக்காரர் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டிய அதே டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், சிவப்பு வட்டத்தின் பக்கத்திலேயே, அருகிலுள்ள சிவில் நிலையத்தின் கடைசி அளவைக் காட்டுவதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். வானிலைத் துறை புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, வரைபடம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ். இரண்டு அமைச்சகங்களும் ஒரு கோப்பில் கையெழுத்திட்டால், சட்ட முன்வரைவில் 'தடையையும் வானிலையையும் பார்த்த பின்' என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தால், வேலை முடிந்தது.